கடற்பாசித் திட்டத்தில் விதைக்கு யார் பொறுப்பு?

கடற்பாசி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கோடிக் கணக்கும் வருகிறது. ஒரு நாள் 640 கோடி, இன்னொரு நாள் 127.71 கோடி. கடல் ஆராய்ச்சி என்று வேறொரு நாள் 4,077 கோடி. படிப்பவருக்கு மூன்றும் ஒரே பணம் போலவும், மூன்று தனித்தனித் திட்டங்கள் போலவும் மாறி மாறித் தோன்றும். எந்தப் பணம் எதற்கு, அது ராமநாதபுரம் கடற்கரையில் மிதவை கட்டும் குடும்பத்தை எப்படிச் சென்றடைகிறது, எங்கே சிக்கல் இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

### எதற்காக இந்தப் பாசி?

கடற்பாசிக்கு வேர், தண்டு, இலை கிடையாது. உடல் முழுவதாலும் கடல்நீரிலிருந்து சத்தை உறிஞ்சி, வெயிலில் வளரும். நன்னீரோ, உரமோ, நிலமோ கேட்பதில்லை. தொழிலுக்கு முக்கியமானவை அதன் செல்சுவரில் இருக்கும் மூன்று பிசின்கள்:

1. அகார். ரம்ஜான் மாதத்தில் பல வீடுகளில் காய்ச்சும் 'கடல்பாசி' இனிப்பு இதுதான். நோய்க்கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத் தட்டுகளுக்கும் இதுவே அடிப்படை. கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி ஆகியவற்றிலிருந்து எடுக்கிறார்கள்.
2. அல்ஜினேட். துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தவும், பல் மருத்துவர் பல்லின் அச்சு எடுக்கவும் பயன்படுவது. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் கிடைக்கும்.
3. கராஜீனன். ஐஸ்கிரீம் உருகிப் பிரியாமலும் பற்பசை நீர்த்துப் போகாமலும் வைத்திருப்பது. இதற்கான பாசி கப்பாபைகஸ்.

முதல் இரண்டு வகைப் பாசிகளும் நம் கடலில் தாமாக வளர்பவை. கப்பாபைகஸ் தென்கிழக்கு ஆசியக் கடல்களின் பயிர். 1984-ல் குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கொண்டுவந்து சௌராஷ்டிரக் கடலில் பழக்கியது. 1990-களில் மண்டபத்துக்கு வந்தது. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த முறையில் வணிகச் சாகுபடியைத் தொடங்கியதால், அந்த நிறுவனம் 2008-ல் தொழிலை விட்டுப் போன பிறகும் ராமநாதபுரம் பக்கம் இதற்குப் 'பெப்சிப் பாசி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று 'கடற்பாசி வளர்ப்பு' என்று அரசு அறிவிப்புகள் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு பயிரைத்தான்.

உலக அளவைத் தெரிந்துகொண்டால் அரசின் ஆர்வம் புரியும். 2019-ல் உலகம் முழுவதும் கிடைத்த கடற்பாசி ஏறக்குறைய 3.58 கோடி டன், ஈர எடையில். அதில் 97 சதவீதம் வளர்க்கப்பட்டது. சீனாவும் இந்தோனேசியாவும் முன்னணியில் நிற்கின்றன. இந்தியாவில் இயற்கையாக வளர்ந்ததைப் பறித்து எடுப்பது ஆண்டுக்குச் சுமார் 34,000 டன். இத்தனை நீளக் கடற்கரை இருந்தும் உலகக் கணக்கில் நாம் ஒரு புள்ளி அளவுகூட இல்லை.

### ஒரு மிதவை, 45 நாள்

திட்டத்தின் அலகே மிதவை என்பதால் அதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மூங்கிலை 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரமாகக் கட்டி, குறுக்கே 20 கயிறுகளை இழுத்துக் கட்டுகிறார்கள். கரையில் நிழலில் உட்கார்ந்து, ஈரம் காயும் முன் பாசியைக் கையளவு துண்டுகளாகக் கிள்ளி, கயிற்றுக்கு 20 துண்டு வீதம் முடிய வேண்டும். ஒரு துண்டு சுமார் 150 கிராம். ஆக, ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. அடியில் ஒரு வலை உண்டு. ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமலும், முறியும் கிளை கடலோடு போய்விடாமலும் அதுதான் காக்கிறது. பிறகு மிதவையை நங்கூரமிட்டு விட வேண்டும்.

45 நாளில் 60 கிலோ ஏறக்குறைய 260 கிலோ ஆகிறது. அதில் 60 கிலோவை அடுத்த நடவுக்கு எடுத்து வைத்தால் மிச்சம் 200 கிலோ. அதைக் காயவைத்தால் 20 கிலோ, அதாவது பத்துக்கு ஒன்று. ஒருவருக்கு 45 மிதவை என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. நாளுக்கு ஒரு மிதவை அறுத்து, அன்றே மறுநடவு செய்தால், 46-ஆம் நாள் முதல் மிதவை மீண்டும் அறுவடைக்குத் தயாராக இருக்கும். நாட்கூலிபோல வருமானம் வர வைத்த ஏற்பாடு இது. பாசி வளர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த யோசனையும் இதுதான்.

இந்தச் சுழற்சிக்கு ஆண்டு முழுவதும் கடல் இடம் கொடுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணையில் அலை கூடும், மிதவை நிற்காது. கோடையில் நீர் சூடாகும். நல்ல ஆண்டில் நான்கைந்து அறுவடை கிடைக்கும்.

### பணம் எங்கே போகிறது

இனி கோடிகளைப் பிரிப்போம்.

1. பிரதமரின் மீன்வளத் திட்டம். 2020-ல் தொடங்கிய இதன் மொத்த மதிப்பு 20,050 கோடி ரூபாய். அதில் கடற்பாசிக்கென்று குறித்து வைத்தது 640 கோடி. 2025-க்குள் ஆண்டு உற்பத்தியை 11.2 லட்சம் டன்னுக்குக் கொண்டுபோவது இலக்கு. 2024-25-ல் முடிய வேண்டிய திட்டத்துக்குப் பின்னர் ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது.
2. அதில் ஒப்புதல் பெற்றவை. குறித்து வைப்பது வேறு, ஒப்புதல் தருவது வேறு. திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் கடற்பாசிப் பணிகளுக்கு ஒப்புதலானது 194.09 கோடி. 46,095 மிதவைகள், 65,330 கயிறு மற்றும் குழாய்வலை அலகுகள் (நீளக் குழாய்போன்ற வலைக்குள் பாசியை வைத்து வளர்ப்பது), டாமன் டையூவில் ஒரு விதை வங்கி, தமிழ்நாட்டில் ஒரு பூங்கா எல்லாம் இதற்குள் அடக்கம்.
3. கடற்பாசிப் பூங்கா. விதை வங்கியும் பாசியைப் பதப்படுத்தும் ஆலையும் ஒரே இடத்தில் அமையும் வளாகம். 2021-22 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது. 2023 செப்டம்பர் 2-ல் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி அருகே வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 127.71 கோடி. மேலே சொன்ன 194 கோடிக்குள்ளேயே இதுவும் இருக்கிறது. கூடுதல் பணம் இல்லை.
4. ஆழ்கடல் இயக்கம். 2021-ல் ஒப்புதலான 4,077 கோடி, புவி அறிவியல் அமைச்சகத்துடையது. 6,000 மீட்டர் ஆழத்துக்கு மனிதரை அனுப்பும் கலம், கடலடிக் கனிமம், ஆழ்கடல் உயிரினங்கள், காலநிலை ஆய்வு ஆகியவை அதன் வேலைகள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. கரையோரப் பாசிச் சாகுபடிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை.

மானியம் எப்படி? ஒரு மிதவையின் அலகு விலை 1,500 ரூபாய் என்று திட்டம் வகுத்திருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம். ஒரு பெண் 45 மிதவை வைத்தால் அலகு விலைப்படி 67,500 ரூபாய், அதில் மானியம் 40,500. மிச்சம் 27,000 அவருடைய பங்கு. மூங்கில், கயிறு, வலை, நங்கூரம், விதைப்பாசி எல்லாமே அந்த 1,500-க்குள் அடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

46,095 மிதவைகளை 1,500-ஆல் பெருக்கினால் 6.91 கோடிதான் வரும். குழாய்வலை அலகு ஒன்று 8,000 ரூபாய் வீதம் 52 கோடி சொச்சம். ஒப்புதலான பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு பூங்காவுக்குப் போகிறது. எனவே, அந்தப் பூங்காவுக்குள் என்ன நடக்கப் போகிறது என்பதே இந்தத் திட்டத்தின் முக்கியக் கேள்வி.

### இலக்கை எட்டக் கயிறு போதுமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மிதவையில் ஆண்டுக்கு ஐந்து அறுவடை, ஒவ்வொன்றிலும் 200 கிலோ என்றால் வருவது 1 டன். ஒப்புதலான மிதவைகள் எல்லாம் ஒரு நாள்கூடக் கெடாமல் ஓடினால் 46,095 டன்.

குழாய்வலை அலகு ஒன்று என்பது 25 மீட்டர் நீளத்தில் 15 கயிறு, அதாவது 375 மீட்டர். மிதவையில் இருப்பது 60 மீட்டர் கயிறு. மீட்டருக்கு இதே விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் ஓர் அலகுக்கு ஆண்டுக்கு ஆறேகால் டன், மொத்தம் சுமார் 4 லட்சத்து 8 ஆயிரம் டன்.

இரண்டும் சேர்ந்து நாலரை லட்சம் டன். எந்த நோயும், எந்தப் புயலும், எந்தத் தாமதமும் இல்லாத ஆண்டில். இலக்கு 11.2 லட்சம். ஒப்புதலான கயிறு முழுவதும் கடலில் இறங்கினாலும் இலக்கில் பாதியைத் தாண்டாது.

அதைவிட முக்கியமான எண் இன்னொன்று இருக்கிறது. 46,095 மிதவைக்கும் முதல் நடவுக்கு வேண்டிய விதைப்பாசி 2,765 டன்னுக்கு மேல். மூங்கிலைச் சந்தையில் வாங்கலாம். விதைப்பாசி உயிரோடு, ஈரத்தோடு, நோயில்லாமல், கடல் அமைதியாகும் அந்த வாரத்தில் கையில் இருக்க வேண்டும்.

### விதைதான் இடறும் இடம்

நெல்லில் விதையைச் சேமித்து வைக்கலாம். கப்பாபைகஸில் அது முடியாது. இங்கே விதை என்பது பாசியின் துண்டுதான். துண்டிலிருந்து பயிர், பயிரிலிருந்து மறுபடி துண்டு. 1984-ல் வந்த சிறு இருப்பிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் இப்படியே கிள்ளிக் கிள்ளி நட்டிருக்கிறோம். மரபணு அளவில் பார்த்தால் பாக் நீரிணையின் எல்லா மிதவைகளிலும் ஏறக்குறைய ஒரே செடி வளர்கிறது. ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

அது நடந்தும் காட்டியது. 2012-13-ல் இந்தியாவின் கப்பாபைகஸ் உற்பத்தி உலர் எடையில் ஏறக்குறைய 1,500 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. 2013-ல் கடல்நீர் சூடேறிப் பாசி கூட்டங்கூட்டமாக மடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தொழில் எழுந்து நிற்கவில்லை. சூடும், உப்புத்தன்மை மாறுவதும் பாசியைச் சோர்வடைய வைக்க, பின்னாலேயே நுண்ணுயிர் தாக்கி 'ஐஸ்-ஐஸ்' என்ற நோய் வருகிறது. கிளையின் ஓரிடம் முதலில் நிறம் வெளுக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் பனிக்கட்டிபோல வெள்ளையாகி, தொட்டால் முறிந்து விழும். கயிற்றில் முடிச்சு மட்டும் மிஞ்சும்.

வருவாய்க்கான பாசி போவது பெரிய இழப்புதான். ஆனால் அதோடு அடுத்த நடவுக்கான 60 கிலோவும் போய்விடுகிறது. மழைக்காலத்தில் மிதவை சிதைந்தாலும் இதே கதைதான். தை மாதம் கடல் அடங்கும்போது மூங்கிலும் கயிறும் மானியத்தில் வந்து சேரும், கட்டுவதற்குப் பாசி இருக்காது. மிதவை மானியம் ஒருமுறைச் செலவு. விதையை ஆண்டு முழுக்கக் காப்பாற்றுவது தொடர்செலவு. நம் திட்டங்கள் பெரும்பாலும் முதல் வகைச் செலவுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. இந்தத் தொழில் இரண்டாவது வகைச் செலவில்தான் உயிர் வாழ்கிறது.

### ஆராய்ச்சிக்கான பணம் என்ன செய்யும்?

மண்டபத்தில் இரண்டு நிறுவனங்களின் கிளைகள் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன பாவ்நகர் நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம். அது அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்தது. மற்றது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம். 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகமே ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. பின்னர் கொச்சிக்குப் போனது. அது வேளாண் ஆராய்ச்சிக் குழுவுக்குக் கீழ் வருகிறது. திட்டப் பணமோ மத்திய மீன்வளத் துறையிலிருந்து மாநில மீன்வளத் துறை வழியாக வருகிறது. பாசி ஒன்று, கதவுகள் நான்கு.

ஆராய்ச்சி இங்கே செய்யக்கூடிய வேலைகள் தெளிவானவை:

1. திசு வளர்ப்பு. நோயற்ற சிறு திசுவிலிருந்து ஆய்வகத்தில் நாற்று எடுத்துக் கடலில் பெருக்குவது. சோர்ந்துபோன பழைய இருப்புக்குப் பதில் புதிய, வீரியமுள்ள விதை கிடைக்கும்.
2. சூடு தாங்கும் ரகம். இதற்குப் புதிய மரபு வளம் வேண்டும். அதற்காகத்தான் உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய மீன்வளத் துறை 2024-ல் வெளியிட்டது.
3. விதை வங்கி. மழைக்காலத்திலும் கோடையிலும் தாய்ப்பாசியை உயிரோடு வைத்திருந்து, நடவுக் காலத்தில் கொடுப்பது. மண்டபம் மீன்வள மையம் 2024-ல் கடற்பாசிக்கான சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டதன் பொருள் இந்தப் பொறுப்பு அதற்கு வந்திருக்கிறது என்பதே.
4. உள்நாட்டு இனங்கள். கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்தும் நம் கடலுக்குப் பழகியவை. இவற்றை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினால் ஒரே பயிரை நம்பும் ஆபத்து குறையும்.

நான்காவது வேலைக்குக் கிடைக்கும் கவனம் போதவில்லை என்பது என் கருத்து. வேகமாக வளர்வதால் எல்லோருடைய பார்வையும் கப்பாபைகஸ் மேலேயே இருக்கிறது.

### பவளப்பாறையும் ஓர் அரசாணையும்

வெளியிலிருந்து பாசியைக் கொண்டுவருவதில் எச்சரிக்கை ஏன் வேண்டும் என்பதற்கு விடை மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இருக்கிறது. 2008-ல் அந்தத் தீவின் பவளங்கள்மேல் கப்பாபைகஸ் படர்ந்து போர்த்தியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெயில் மறைந்தால் பவளம் சாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆகவே இது சின்ன விஷயமல்ல.

2005-லேயே தமிழ்நாடு அரசு ஓர் அரசாணையில் எல்லை வகுத்திருந்தது. பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இந்தப் பாசியை வளர்க்கலாம், இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் கூடாது. பூங்கா வளமாவூருக்குப் போனதையும் இந்த வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், அந்த ஊர் பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டத்துக்கு 2023-ல் வந்த திருத்தம் கடற்பாசி வளர்ப்பையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் கரையோரக் கடலில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். மிதவை நிற்கும் அதே ஆழமற்ற நீரில்தான் சிறு படகுகள் போகின்றன, கரைவலை இழுக்கிறார்கள். யாருக்கு எந்த இடம், எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் இல்லாவிட்டால், மிதவை பெருகப் பெருகச் சண்டையும் பெருகும். கடன் கொடுக்க வரும் வங்கியும் முதலில் கேட்பது அந்த இட உரிமையைத்தான்.

### ஏற்கெனவே பாசி எடுப்பவர்கள்

திட்ட அறிக்கைகளில் 'பெண்களுக்கு வேலைவாய்ப்பு' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பாம்பன் அருகே சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தலைமுறைகளாகவே கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிப் பாறையிடுக்கில் கைவிட்டுப் பறிப்பது. துணி நனைந்து விலகினால் பாறை விரலைக் கிழிக்கும். மாதத்தில் 12 நாள் மட்டுமே போவது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவிடுவது என்று தமக்குத் தாமே விதி வைத்துக்கொண்டவர்கள். இந்தக் கட்டுப்பாட்டை முன்னெடுத்த சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது.

இவர்களுக்குச் சிக்கல் வேறு. தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா என்பதால் அங்கே பாசி எடுக்கக் கூடாது. மிதவைக்கு மாறு என்று சொல்வது எளிது. 27,000 ரூபாய் பங்குத்தொகையை யார் தருவார்கள்? முதல் 45 நாள் வருமானமில்லாமல் எப்படி ஓட்டுவது? பாசியின் பருவத்தையும் இடத்தையும் இவர்களைவிட அறிந்தவர்கள் அந்தக் கரையில் இல்லை. விதை வங்கியின் கடல்பகுதி வேலையை இவர்களுடைய சுயஉதவிக் குழுக்களிடம் கூலியோடு ஒப்படைப்பது, மானியத்தைவிட உறுதியான ஆதரவாக இருக்கும்.

### விற்பனை

காய்ந்த பாசியின் விலையைக் கராஜீனன் ஆலைகள் முடிவு செய்கின்றன. அவையோ உலகச் சந்தையைப் பார்த்து விலை சொல்கின்றன. இதற்கு ஒரு மாற்று, பாவ்நகர் நிறுவனம் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற முறை. அறுத்த பாசியை ஈரத்தோடு பிழிந்தால் வரும் சாறு பயிர் ஊக்கியாகிறது. மீந்த சக்கையிலிருந்து கராஜீனன். 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிரியல் பயிர் ஊக்கிகள் சேர்க்கப்பட்ட பிறகு, தரச்சான்றோடு விற்கச் சட்டப்பூர்வ வழி திறந்தது. ஈரப்பாசியை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. ஆலை கரைக்கு அருகிலேயே வேண்டும். பூங்காவின் பயன் இங்கே நேரடியானது.

### அடுத்த அறிவிப்பைப் படிக்கும்போது

1. தொகை குறித்து வைத்ததா, ஒப்புதலானதா, செலவானதா?
2. டன் கணக்கு ஈர எடையா, உலர் எடையா? பத்து மடங்கு வித்தியாசம் அதில் இருக்கிறது.
3. மிதவை எண்ணிக்கையோடு விதைப்பாசி எத்தனை டன் என்று சொல்லியிருக்கிறார்களா?
4. வளமாவூரில் விதை வங்கியை நடத்தப் பணியாளர், மின்சாரம், கடல்நீர்க் குழாய் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, கட்டடத்துக்கு மட்டுமா?

ஆறு கடலோர மாவட்டங்களில் 136 கிராமங்களுக்குப் பயன்படும் என்று சொல்லி எழும் பூங்கா அது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அதன் தொட்டிகளில் தாய்ப்பாசி உயிரோடு இருந்து, தை பிறந்ததும் மிதவைக்கு 60 கிலோ வீதம் கரைக்கு வந்து சேர வேண்டும்.